கைவிடக் கைகொடுப்போர்

போகித் திருநாளின் விடியற்காலை. வாயிலில் பழம்பாயும் கிழிந்த முறமும் எரிந்துகொண்டிருந்தன. வீட்டின் தலைவர் தம் சட்டைப் பையிலிருந்த பீடிக் கட்டை எடுத்தார். மனைவியும் மக்களும் காண அதனை அந்த நெருப்பில் எறிந்தார். "இனி இதனைத் தொடமாட்டேன்" என்று உறுதி கூறினார். வீடு முழுவதும் மகிழ்ந்தது. அவ்வுறுதி பொங்கலன்று நிலைத்து நின்றது; மாட்டுப் பொங்கலன்று தளர்ந்தது; காணும் பொங்கலன்று மாலையில் குலைந்தது. தெருமுனைக் கடையின் பின்புறத்தில், இருள் மறைவில், அவர் கையில் மீண்டும் ஒரு பீடி புகைந்தது. வீடு திரும்பியவர் மனைவியின் முகத்தை ஏறிட்டு நோக்கவும் நாணினார். "எனக்கு மனவுறுதி இல்லை" என்று தம்மைத் தாமே பழித்துக்கொண்டார்.

இத்தகைய காட்சி எத்தனையோ வீடுகளில் நிகழ்வது உண்டு. அவர் தம்மைப் பற்றிக் கூறிக்கொண்டது உண்மைதானா? அவர் கோடை வெயிலில் நாள் முழுவதும் உழைப்பவர். வாங்கிய கடனைச் சொன்ன நாளில் திருப்பித் தருபவர். மகளின் படிப்புக்காகத் தம் தேவைகளைச் சுருக்கிக்கொண்டவர். உறுதியற்றவரால் இவையெல்லாம் இயலுமா? இயலாது. அவ்வாறாயின், இத்துணை உறுதி படைத்த ஒருவரை விரல் நீளமும் இல்லாத ஒரு சுருள் நான்கே நாளில் வென்றது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை கண்டால், அப்பழக்கத்தினின்றும் விடுபடும் வழியும் உடன் புலப்படும்.

புகையிலையில் நிக்கோட்டின் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. போர்ச்சுகல் நாட்டில் பிரெஞ்சு அரசின் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர், 1560-ஆம் ஆண்டில் புகையிலையைத் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பி வைத்தார். அவர் பெயரை ஒட்டியே இப்பொருளுக்குப் பெயர் அமைந்தது. 1828-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் போசெல்ட், ரைமன் என்னும் அறிஞர் இருவர் இதனைப் புகையிலையினின்றும் தனியே பிரித்தெடுத்தனர். ஒருவர் புகையை உள்ளிழுத்ததும் நிக்கோட்டின் நுரையீரல் வழியாகக் குருதியிற் கலந்து, சில நொடிகளில் மூளையை அடைகிறது. அங்கே டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து, சிறிது நேரம் இனிமையும் கிளர்ச்சியும் தருகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடுகிறது. உடனே மூளை மீண்டும் அதனை வேண்டி நிற்கிறது. தொடக்கத்தில் இன்பம் நாடிப் புகைத்தவர், நாளடைவில் அது இல்லாத துன்பத்தைத் தணிக்கவே புகைப்பவராகிறார். தாமே மூட்டிய தீயைத் தாமே அணைத்து, அணைத்ததற்காக மகிழ்வதைப் போன்றது இது.

ஹெராயின், கொக்கேன் முதலிய கொடிய போதைப் பொருள்கள் மனிதனை அடிமைப்படுத்தும் முறையும், நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் முறையும் ஒத்தவை என்று 1988-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை எடுத்துரைத்தது. புகைப்பதை நிறுத்திய சில மணி நேரத்திற்குள் எரிச்சல், அமைதியின்மை, உறக்கமின்மை, கவனச்சிதைவு, மிகுந்த பசி முதலியவை தோன்றுகின்றன. முதற் சில நாட்களில் இவை உச்ச நிலையை அடைகின்றன. பிறகு சிறிது சிறிதாகத் தணிந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. போகியன்று சூளுரைத்தவர் காணும் பொங்கலன்று வீழ்ந்தது வியப்பன்று. வெள்ளம் கரைபுரண்டு ஓடிய நாளில் அவர் தன்னந்தனியே ஆற்றில் இறங்கினார். அவ்வெள்ளம் வடிந்துவிடும் என்பதை அவருக்குச் சொல்வாரும் இல்லை. அதுவரையில் பற்றிக்கொள்ள ஒரு கட்டையை நீட்டுவாரும் இல்லை.

உடலின் வேட்கை ஒரு கயிறு என்றால், பழக்கம் மற்றொரு கயிறு. காலையில் தேநீர் அருந்தியதும் ஒன்று, உணவு உண்டதும் ஒன்று, பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒன்று, நண்பரைக் கண்டதும் ஒன்று என்று, நாளின் ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் புகை பின்னிக் கிடக்கிறது. பத்தாண்டு, இருபதாண்டு அவ்வாறே வாழ்ந்தவருக்குத் தேநீர்க் குவளையைக் கண்டவுடனே கை தானாகச் சட்டைப் பைக்குச் செல்கிறது. இவ்விரு கயிறுகளையும் ஒரே நேரத்தில் ஒரு கையால் அவிழ்ப்பது அரிது. துணையின்றிச் செய்யப்படும் நூறு முயற்சிகளுள் ஏறத்தாழ நான்கே வெற்றி பெறுகின்றன என்றும், தக்க அறிவுரையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு இருமடங்குக்கு மேலாகிறது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. எலும்பு முறிந்தவர் மருத்துவரை நாடுவதை யாரும் கோழைமை என்பதில்லை. புகையை விட விரும்புவோர் துணை நாடுவதும் அத்தகையதே. அத்துணை இன்று மூன்று வடிவங்களில் கிடைக்கிறது: மருந்து ஒன்று, பயிற்சி பெற்றோரின் சொல் மற்றொன்று, சுற்றத்தாரின் உறவு மூன்றாவது.

மருந்து தோன்றிய வரலாறு சுவை மிக்கது. கடலுக்கு அடியில் செல்லும் நீர்மூழ்கிக் கப்பலில் புகைத்தல் இயலாது. சுவீடன் நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றிய மாலுமிகள், கப்பல் நீரில் மூழ்கியிருக்கும் காலத்தில் வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு தம் வேட்கையைத் தணித்தனர். லுண்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேஸ் லுண்ட்கிரென் என்னும் அறிஞர் இதனைக் கூர்ந்து நோக்கினார். புகை இல்லாமலே நிக்கோட்டின் மட்டும் வாய் வழியாகக் கிடைத்தால் வேட்கை தணியும் என்பது அவருக்குப் புலனாயிற்று. 1967-ஆம் ஆண்டில் அவர் தம் கருத்தை, ஹெல்சிங்போர்க் நகரில் ஒரு மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஓவே ஃபெர்னோ என்பவருக்குக் கடிதத்தில் எழுதினார். ஃபெர்னோ பல ஆண்டுகள் முயன்று, மெல்ல மெல்லச் சிறிது சிறிதாக நிக்கோட்டினை வெளியிடும் ஒரு மெல்லும் பசையை உருவாக்கினார். 1978-ஆம் ஆண்டில் அது சுவிட்சர்லாந்தில் முதன்முதலாக மருந்தாக விற்பனைக்கு வந்தது.

'நஞ்சை விடுவதற்கு அந்நஞ்சையே தருவதா?' என்று சிலர் ஐயுறலாம். புகைப்பவரைப் புகையோடு பிணிப்பது நிக்கோட்டின். ஆனால் அவர் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் புகையே. புகையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன; அவற்றுள் எழுபதேனும் புற்றுநோயை உண்டாக்குபவை. கரியும் கீலும் நச்சுவாயுவும் இன்றி, அளவாக நிக்கோட்டினைத் தந்து, வாரந்தோறும் அவ்வளவைக் குறைத்துக்கொண்டே வந்தால், மூளை அதனை மறக்கக் கற்றுக்கொள்கிறது. உயர்ந்த இடத்திலிருந்து ஒரே தாவாகக் குதிப்பதற்கும், படிப்படியாக இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இப்பசையை மிட்டாயைப் போல் விரைந்து மெல்லுதல் கூடாது. சிறிது மென்று, பின்னர்க் கன்னத்தின் உட்புறத்தில் ஒதுக்கி வைத்து, மீண்டும் மெல்ல வேண்டும். தோலின் மேல் ஒட்டிக்கொள்ளும் பட்டையாகவும் இம்மருந்து கிடைக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் பசையையும் பட்டையையும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. வேட்கையைத் தணிக்கும் மாத்திரைகளும் உள்ளன. யாருக்கு எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

இரண்டாவது துணை, பயிற்சி பெற்றோரின் சொல். மருத்துவரின் ஒரு சொல்லுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதை மைக்கேல் ரசல் என்னும் ஆங்கில நாட்டு மருத்துவர் ஆராய்ந்தார். லண்டன் நகரில் 28 பொது மருத்துவர்கள் இவ்வாராய்ச்சியிற் கலந்துகொண்டனர். காய்ச்சல், இருமல் என்று வேறு நோய்களுக்காக வந்தவர்களுள் புகைப்பவர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவரைப் பல பிரிவினராகப் பிரித்தனர். ஒரு பிரிவினரிடம் மருத்துவர் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் பேசிப் புகைப்பதை விடுமாறு அறிவுறுத்தினார். ஒரு சிறு துண்டு வெளியீட்டைக் கொடுத்தார். மீண்டும் விசாரிக்கப்படும் என்றும் கூறியனுப்பினார். மற்றொரு பிரிவினரிடம் இவ்வாறு எதுவும் செய்யவில்லை. 1979-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. எதுவும் கூறப்படாதவர்களுள் ஆயிரத்துக்கு மூவரே ஓராண்டு கடந்தும் புகைக்காதிருந்தனர். அறிவுரை பெற்றுச் சென்றவர்களுள் ஆயிரத்துக்கு ஐம்பத்தொருவர் அவ்வாறு இருந்தனர். இரண்டு நிமிடப் பேச்சு எத்தனை குடும்பங்களைக் காத்திருக்கிறது! 'மீண்டும் விசாரிப்போம்' என்னும் சொல்லில், 'உன்னை நினைத்துப் பார்க்க ஒருவர் உண்டு' என்னும் பொருளும் அடங்கியிருந்தது அன்றோ?

ஆயினும் எல்லாரும் மருத்துவரை நாடிச் செல்வதில்லை. சிலர் நாணுகின்றனர், சிலருக்கு நேரம் இல்லை, சிலர் வாழும் ஊருக்கு மருத்துவமனை தொலைவில் உள்ளது. அவர்களுக்காகத் தொலைபேசி முன்வந்தது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலம் 1992-ஆம் ஆண்டில், அரசின் செலவில், மாநிலம் முழுமைக்கும் ஓர் உதவித் தொலைபேசி நிலையத்தைத் தொடங்கியது. அங்கே பணியாற்றிய ஆலோசகர்கள் பழித்துப் பேசவில்லை, பொறுமையோடு கேட்டனர். எப்போது வேட்கை எழுகிறது, எங்கே எழுகிறது, யாரோடு இருக்கையில் எழுகிறது என்பவற்றையெல்லாம் கேட்டறிந்து, அழைத்தவரோடு சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தனர். புகையை விடும் நாளையும் குறித்தனர். அந்நாளுக்குப் பின் அவர்களே மீண்டும் அழைத்தனர். எந்த நாட்களில் தெரியுமா? மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், முப்பதாம் நாள். வழுக்கி விழும் ஆபத்து முதல் வாரத்தில் மிகுதி. ஆகையால் அழைப்பும் அப்போது அடிக்கடி வந்தது. எங்கே பள்ளம் உண்டோ அங்கே விளக்கு வைப்பதே அறிவுடைமை. இவ்வாறு பேசுவதால் வெற்றி கூடுகிறது என்பதை 2002-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி உறுதி செய்தது.

இந்தியாவில் இத்துணை மிகவும் தேவை. 2016-17-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 28.6 பேர், அதாவது ஏறத்தாழ 26.7 கோடி மக்கள், ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். அதே கணக்கெடுப்பு மற்றோர் உண்மையையும் காட்டியது: புகைப்பவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், அதனை விட்டுவிடவேண்டும் என்று எண்ணிக்கொண்டோ திட்டமிட்டுக்கொண்டோ இருந்தனர். ஆதலின் புகைப்பவர் யாவரும் புகையை விரும்புகின்றனர் என்று கருதுதல் தவறு. பலர் கரையேற விரும்பிக் கைநீட்டுகின்றனர். பற்றுவார் கையைத்தான் அவர்கள் காணவில்லை.

அக்கைகளும் ஒவ்வொன்றாக நீளத் தொடங்கின. 2002-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு நாட்டின் பல பகுதிகளில் பதின்மூன்று புகையிலை ஒழிப்பு ஆலோசனை மையங்கள் தொடங்கப்பெற்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அரிய முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்திலும் அத்தகைய மையம் ஒன்று அமைந்தது. 2016-ஆம் ஆண்டில் தில்லியிலுள்ள வல்லபாய் பட்டேல் மார்புநோய் நிலையத்தில் தேசியப் புகையிலை ஒழிப்பு உதவித் தொலைபேசி தொடங்கப்பெற்றது. அதன் எண் 1800-11-2356. அழைப்பவருக்குக் கட்டணம் இல்லை. பின்னர்ப் பெங்களூரு, மும்பை, குவாகாத்தி ஆகிய நகரங்களிலும் இப்பணி விரிவடைந்தது; அதனால் தமிழ் முதலிய பல இந்திய மொழிகளிலும் பேசும் வாய்ப்பு உண்டாயிற்று. ஒருவர் தம் வேட்கையையும் அச்சத்தையும் தாய்மொழியில் கூறும்போதுதான் நெஞ்சு திறக்கும். 2018-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல், பீடிக் கட்டு, சிகரெட்டுப் பெட்டி முதலியவற்றின் மேல் எச்சரிக்கைப் படத்தோடு இவ்வெண்ணும் அச்சிடப்பெறலாயிற்று. கட்டும் கயிற்றின் மேலேயே அவிழ்க்கும் வழியையும் எழுதி வைத்ததைப் போன்றது இது.

மூன்றாவது துணை, உற்றார் உறவினரும் நண்பரும். இதற்கு மருந்துக் கடையும் வேண்டா, தொலைபேசியும் வேண்டா. ஆயினும் இதன் ஆற்றல் பெரிது. அமெரிக்க நாட்டில் ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் மக்களின் உடல்நலம் 1948-ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறது. கிறிஸ்டாகிஸ், ஃபவுலர் என்னும் அறிஞர் இருவர், 1971 முதல் 2003 வரையில் அவ்வாராய்ச்சியில் பதிவான 12,067 பேரின் உறவையும் நட்பையும் ஆராய்ந்து, 2008-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். கணவன் மனைவியருள் ஒருவர் புகையை விட்டால், மற்றவர் புகைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 67 பங்கு குறைந்தது. நண்பர் விட்டால் 36 பங்கும், உடன்பிறந்தார் விட்டால் 25 பங்கும், சிறிய தொழிலகத்தில் உடன் வேலை செய்பவர் விட்டால் 34 பங்கும் குறைந்தது. மக்கள் தனித்தனியே புகையை விடவில்லை. கூட்டங் கூட்டமாக விட்டனர். ஒருவர் விட்ட பழக்கம், அவர் அறியாமலே, அவருடைய நண்பரையும் விடுவித்தது. தீய பழக்கம் மட்டுமே தொற்றும் என்று எண்ணுகிறோமே; நல்ல பழக்கமும் தொற்றுகிறது!

ஆனால் துணை நிற்பதற்கும் முறை உண்டு. "நேற்றுச் சொன்ன வாக்கு எங்கே போயிற்று?" என்று குத்திக் காட்டுதல் துணையாகாது. பிறர் முன்னிலையில் இகழ்வதும், ஓயாது கண்காணிப்பதும் துணையாகா. அவை நாணத்தை மிகுவிக்கும். நாணம் மறைவைத் தேடும். மறைவில் புகை மீண்டும் எழும். முதல் வாரத்தில் அவர் சினந்து பேசினால், அது நிக்கோட்டின் விலகும்போது எழும் குமுறல் என்றறிந்து பொறுத்தல் வேண்டும். வேட்கையின் அலை எழுந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அச்சில நிமிடங்களைக் கடத்துவதே செய்யத்தக்கது. ஒரு குவளை நீர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஆற்றங்கரை வரையில் ஒரு நடை, மனத்துக்கு இனிய ஒரு பேச்சு, இவை போதும். வீட்டிலிருக்கும் சாம்பற் கிண்ணத்தையும் தீப்பெட்டியையும் முன்னரே அப்புறப்படுத்துதல் நலம். நண்பர்கள் அவர் முன்னிலையில் புகைக்காதிருத்தலும், அவருக்கு ஒன்றை நீட்டாதிருத்தலும் பேருதவியாகும். செலவாகாமல் மிஞ்சிய காசை ஓர் உண்டியலில் சேர்த்துவந்தால், திங்கள் முடிவில் அதன் ஒலியே ஊக்கம் தரும்.

விடுவதால் விளையும் பயன் எப்போது தெரியும்? காத்திருக்கவே வேண்டியதில்லை. கடைசிப் புகை அணைந்த இருபதே நிமிடத்தில் நாடித்துடிப்பு அமைதியடையத் தொடங்குகிறது. பன்னிரண்டு மணி நேரத்தில் குருதியிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு இயல்பான அளவுக்கு இறங்குகிறது. சில வாரங்களில் குருதியோட்டம் சீராகிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு இளைப்பதும் இருமலும் குறைகின்றன. ஓராண்டில், புகையால் மிகுந்திருந்த மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது. பத்தாண்டில், நுரையீரற் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து, புகைப்பவரின் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி அளவுக்குக் குறைகிறது. ஆண்டுக்கணக்கில் தீங்கு செய்தவரையும் உடல் பகைப்பதில்லை. திருந்திய அன்றே மன்னிக்கத் தொடங்குகிறது.

"வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன்?" என்று கூறுவோர்க்கு ரிச்சர்டு டால் என்னும் ஆங்கில நாட்டு அறிஞரின் ஆராய்ச்சி விடை தருகிறது. அவரும் பிராட்ஃபோர்டு ஹில் என்பவரும் சேர்ந்து, புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ஆம் ஆண்டில் உலகறியச் செய்தனர். அவ்வாராய்ச்சியைத் தொடங்கியபோது டால் தாமே புகைப்பவராக இருந்தார். தாம் கண்ட உண்மை தம்மையே சுட, புகையை விட்டார். பின்னர் 1951-ஆம் ஆண்டு முதல் ஐம்பதாண்டுக் காலம் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பல்லாயிரவரின் வாழ்வைத் தொடர்ந்து ஆராய்ந்து, 2004-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். புகைப்பவர், புகைக்காதவரைவிடச் சராசரியாக ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே இறக்கின்றனர். ஆனால் அறுபது வயதில் விட்டவர் மூன்றாண்டும், ஐம்பதில் விட்டவர் ஆறாண்டும், நாற்பதில் விட்டவர் ஒன்பதாண்டும், முப்பதில் விட்டவர் ஏறத்தாழப் பத்தாண்டும் வாழ்நாளை மீட்டுக்கொள்கின்றனர். மூன்றாண்டு சிறிது என்று யார் கூறுவர்? பேரப்பிள்ளை நடை பழகுவதையும், பேச்சுப் பழகுவதையும், பள்ளிக்குச் செல்வதையும் காணும் காலம் அது.

ஒருமுறை தவறியவர் தோற்றவர் ஆகார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. புகையை முற்றிலும் விட்டவர்களுள் பலர் பலமுறை முயன்ற பிறகே வென்றவர்கள். மிதிவண்டி பழகுவோன் விழாமல் பழகுவதில்லை. எங்கே விழுந்தோம், ஏன் விழுந்தோம் என்று எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு வீழ்ச்சியும் ஒரு பாடமாகும். தேநீர்க் கடையில் தவறியவர் சில திங்கள் வீட்டிலேயே தேநீர் அருந்தலாம். குறிப்பிட்ட நண்பரோடு இருக்கையில் தவறியவர் அந்நண்பரையும் உடன் விடுமாறு அழைக்கலாம். வேட்கை மிகுந்ததால் தவறியவர் அடுத்த முறை மருத்துவரிடம் மருந்து கேட்கலாம்.

மாணவர்க்கு இதில் இரண்டு கடமைகள் உண்டு. தாம் அப்பழக்கத்தைத் தொடங்காதிருத்தல் முதற்கடமை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்க்குப் புகையிலைப் பொருள்களை விற்றல் ஆகாது என்று 2003-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தடை விதித்துள்ளது. இளமையில் ஒருநாள் விளையாட்டாகப் பற்றவைத்த தீயே பின்னர் பலருக்கு வாழ்நாள் முழுதும் அணையாமல் எரிகிறது. வீட்டிலோ தெருவிலோ ஒருவர் அதனை விட விரும்பினால் அவருக்குக் கைகொடுத்தல் இரண்டாங்கடமை. மாணவர் ஒருவர் ஏற்கெனவே அப்பழக்கத்தில் வீழ்ந்திருந்தால், அவர் அதனை மறைத்து வருந்தவேண்டியதில்லை. நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மருத்துவரிடமோ மனம் திறந்து கூறுதல் வேண்டும். துணை கேட்பதற்கும் துணிவு வேண்டும். அத்துணிவே விடுதலைக்கு முதற்படி.

போகியன்று சூளுரைத்தவரின் கதை காணும் பொங்கலோடு முடிந்துவிடவில்லை. பத்தாம் வகுப்பிற் படிக்கும் அவர் மகள், ஒருநாள் பீடிக் கட்டின் மேல் அச்சிட்டிருந்த எண்ணைக் கண்டாள். "அப்பா, இந்த எண்ணோடு ஒருமுறை பேசிப் பாருங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றாள். தயங்கித் தயங்கி அவர் பேசினார். மறுமுனையில் இருந்தவர் ஏசவில்லை. அவர் ஊரையும் வேலையையும், புகைக்கும் வேளைகளையும் கேட்டார். நாள் ஒன்று குறிக்கப்பட்டது. அரசு மருத்துவமனையின் மருத்துவர் பசை கொடுத்து, அதனை மெல்லும் முறையைக் கற்பித்தார். உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவரும் "நானும் வருகிறேன்" என்று சேர்ந்துகொண்டார். அந்நாள் முதல் நான்காம் நாள் மாலை, முன்போலவே வேட்கை எழுந்தது. அவர் தெருமுனைக் கடையை நோக்கி இரண்டடி வைத்தார். பிறகு நின்று மகளை அழைத்தார். இருவரும் ஆற்றங்கரை வரையில் நடந்து சென்றனர். மகள் பள்ளிக் கதைகளைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். வீடு திரும்பியபோது அலை அடங்கியிருந்தது.

மறு ஆண்டு போகி வந்தது. வாயிலில் நெருப்பு எரிந்தது. அதில் எறிவதற்கு அவர் சட்டைப் பையில் பீடிக் கட்டு இல்லை. அவர் வெறுங்கையோடு நின்று, மனைவியும் மக்களும் சூழக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.